ஹ

எங்கள் தெருவில் அந்த எழுத்து இல்லை.
மீன்துறைக்குள் நுழையும்போதே
அதை வாசலில் உதறிவிட்டுத்தான் பேசுவோம்.
தேவாலயப் பதிவேட்டில் ஹெட்டி என்றிருந்தாலும்
கிரிம்ஸ்பியில் என் அக்கா எட்டிதான்.
எட்டி டவுஸ். வலை பின்னுகிறவளின் மூத்த மகள்.

பதினெட்டு வயதில் லண்டன் போனாள்.
விக்மோர் தெருவில் ஒரு மிஸ் பாரக்ளோ,
மணிக்கு அரை கிரவுன்,
எங்களுக்கு ஒரு வாரத்து நிலக்கரிக் காசு.
முகத்துக்கு நேரே மெழுகுவர்த்தியை நிறுத்தி
"ஹ சொல், சுடர் சாயட்டும்" என்பாளாம்.
கிறிஸ்துமஸுக்கு வந்தவள் சமையலறை மேசையில்
ஹ, ஹ, ஹ என்று மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள்.
எனக்கு எட்டு வயது.
அணைக்கத் தெரியாமல் தவிக்கிறாள் என்று நினைத்து
ஓடிப்போய் ஒரே ஊதில் அணைத்தேன்.
அறைந்தாள். இடது கன்னம்.

ஏஜெண்ட் பெயரை மாற்றினான்: ஹெஸ்டர் ஹாலம்.
ஒன்றுக்கு இரண்டாக.
படம் பேசத் தொடங்கிய வருஷம்
வாய் திறந்த அழகிகள் பலர் வீட்டுக்குப் போனார்கள்,
இவள் உள்ளே போனாள்.
பத்தே நாளில் எடுத்து முடிக்கும் படங்கள்.
கையுறையோடு கதவருகே நிற்கும் சீமாட்டி,
கொலையுண்டவனின் விதவை,
நீதிபதியின் இரண்டாம் மனைவி.
"தேநீர் அருந்துகிறீர்களா?" என்பாள்.
ஆறு பென்ஸ் இருக்கையில் நாங்கள் சிரிப்போம்.
அம்மா சிரிக்க மாட்டாள். ஒருமுறை கேட்டாள்:
"அந்தப் பொம்பளைக்குப் பசிக்குமா?"

மேடையில் அவள் வேறு ஆள் என்பார்கள்.
பிரிஸ்டல், நியூகாசில்,
போர்க்காலத்தில் ஹல் நகரத்துத் தொழிற்சாலை கேன்டீன்.
ஆற்றுக்கு அக்கரை ஊர். நாங்கள் 'அல்' என்போம்.
அவள் சொன்ன பிறகுதான்
அதன் தலையில் ஒரு மூச்சு இருப்பது தெரிந்தது.

அம்மா செத்ததற்குத் தந்தி கொடுத்தேன்.
அன்று மாட்டினி இருந்ததாம்.
மலர்வளையம் வந்தது, அட்டையில் ஹெஸ்டர் ஹாலம்.
"யாரது?" என்றாள் பக்கத்து வீட்டு மிஸஸ் லீக்.

அறுபத்தொன்றில் ஒரு கடிதம்.
"தோல் ஜாக்கெட் போட்ட பையன் ஒருவன் படம் எடுக்கிறான்.
மீன்துறைத் தாய் வேண்டுமாம், அசலாக.
இரண்டு வரி பேசவிட்டு
'மேடம், நீங்கள் அரண்மனைக்காரி' என்றான்.
நான் அங்கேதான் பிறந்தேன் என்றேன். நம்பவில்லை.
இரண்டு வாரம் தங்கலாமா, ஐவி?"

நோட்டுப்புத்தகத்தோடு வந்தாள்.
வலைக்கூடத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து
நாங்கள் ஏசுவதையெல்லாம் எழுதிக்கொண்டாள்.
மூன்றாம் நாளே ஹ உதிர்ந்துவிட்டது.
ஆனால் உதிர்த்தது தெரிந்தது,
கட்டுப்பல்லைக் கழற்றிவிட்டுச் சிரிப்பதுபோல.
மறுபடி சொல் என்றேன். மறுபடி. மறுபடி.
மணிக்கு அரை கிரவுன் ஆகும் என்றேன், விளையாட்டுக்கு.
எடுத்து நீட்டினாள்.
வாங்கிக்கொண்டேன்.

படத்தை ரிட்ஸில் தனியாகப் பார்த்தேன்.
மகன் பணம் கேட்கிறான்.
'இல்லை' என்று சொல்வதற்கு முன்
அவள் ஏப்ரனில் புறங்கையை ஒருமுறை துடைக்கிறாள்.
அம்மா அப்படிச் செய்ததில்லை.
அது நான்.
எப்போது பார்த்தாள்?
பரிசு வாங்கியபோது வானொலியில் நன்றி சொன்னாள்,
ஒவ்வொரு ஹ-வையும் இஸ்திரி போட்டு.

எழுபத்திரண்டு பிப்ரவரி, ஹோவ் மருத்துவமனை.
சுரங்கத்தில் வேலைநிறுத்தம்,
மின்சாரம் தெருத்தெருவாகப் போய்வந்தது.
நர்ஸ் கட்டிலருகே மெழுகுவர்த்தி வைத்தாள்.
மூளை தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க
"உங்கள் பெயர் என்ன, அன்பே?" என்றாள்.
அக்கா உதடு பிரித்தாள்.
நான் வாயைப் பார்க்கவில்லை, சுடரைப் பார்த்தேன்.
அசைந்த மாதிரிதான் இருந்தது.
அந்த ஜன்னலும் சரியாகச் சாத்தாது.

நர்ஸ் பேனாவோடு என் பக்கம் திரும்பினாள்.
"டவுஸ்" என்றேன்.
அதில் குழப்பமில்லை.